ஜீவனாம்சமா, கஸ்டடியா, டி.என்.ஏ.வா: பெங்களூரில் எந்த மனுவை முதலில் போடுவது?

கணவனைப் பிரிந்து பிள்ளையோடு பெங்களூரில் நிற்கும் பெண்ணுக்கு யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ‘பத்திரத்துல எழுதி வாங்கிட்டா போதும், கோர்ட்டு எதுக்கு’ என்பார் தாய்மாமன். ‘ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெயின்ட் கொடு, ஆடிப்போயிருவான்’ என்பார் எதிர்வீட்டுக்காரர். வக்கீல் ஆபீசில் ‘மூணு கேஸாப் போட்டுருவோம்மா’ என்பார்கள். இதற்கிடையில் அவன் பக்கத்திலிருந்து ‘அது என் பிள்ளையே இல்ல’ என்று ஒரு வார்த்தை வந்து விழும். அவ்வளவுதான், ஸ்கூல் ஃபீஸ் பேச்சு அடங்கி, வீடே டி.என்.ஏ. பற்றிப் பேச ஆரம்பித்துவிடும்.

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கத்துப் பெண்களுக்குக் கோர்ட்டுக் காகிதத்தைத் தமிழில் படித்துச் சொல்வதும், வாய்தா நாளில் கூடப் போய் உட்காருவதும் என் வேலை. நான் வக்கீல் இல்லை. எந்த மனு என்ன கொடுக்கிறது, எதில் வருஷம் ஓடுகிறது என்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் என் கட்சி இது: முதலில் பிள்ளையின் செலவுக்கு மனு. யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால் மட்டும் கஸ்டடிக்கு, அதாவது பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கு, உடனே மனு. டி.என்.ஏ.வை நாமாகக் கேட்க வேண்டிய நிலை அநேகமாகக் கல்யாணம் ஆகாத தாய்க்கு மட்டும்தான்.

மாமா சொல்லும் பத்திரத்தை முதலில் முடித்துவிடுவோம். நோட்டரி முத்திரை குத்தி ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்’ என்று எழுதினால் அது விவாகரத்து ஆகாது. ‘இனி பிள்ளைக்கு எந்தப் பாத்தியதையும் கேட்க மாட்டேன்’ என்று தாய் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையின் உரிமை போகாது; அது பிள்ளையினுடையது, தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அப்படி ஒரு பத்திரம் ஏற்கெனவே இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். அதில் அவனே ‘எங்கள் மகன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பான். பின்னால் பிள்ளை என்னுடையதில்லை என்று சொன்னால் எடுத்து நீட்டலாம்.

ஸ்டேஷனுக்குப் போகலாமா? அடி, மிரட்டல் இருந்தால் கட்டாயம் போக வேண்டும். 1091-க்கு அடித்தால் பேச்சுக்காவது ஆள் கிடைக்கும். மாதாமாதம் இவ்வளவு பணம் என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் போலீசுக்குக் கிடையாது. ‘சரி சார், மாசம் பத்தாயிரம் தர்றேன்’ என்று இன்ஸ்பெக்டர் முன்னால் ஒப்புக்கொண்டவன் இரண்டாம் மாதமே நம்பரை மாற்றிவிட்டால், அந்த ஒப்புதலை வைத்து ஒரு ரூபாய் வசூலிக்க முடியாது.

ஆக, பணத்துக்கு உருப்படியான வழிகள் மூன்று: 144 மனு, குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனு, விவாகரத்து வழக்குக்குள்ளேயே கேட்பது.

144 என்றால் சிலருக்குத் தடையுத்தரவுதான் ஞாபகம் வரும். இது வேறு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் ‘125 கேஸ்’ என்று சொல்லப்பட்ட ஜீவனாம்ச மனுதான் இது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்ததிலிருந்து எண் 144 ஆகிவிட்டது. கோர்ட்டு வராந்தாவில் இன்றும் 125 என்றுதான் பேசிக்கொள்வார்கள், குழம்ப வேண்டாம். பெங்களூரில் ஃபேமிலி கோர்ட் இருப்பதால் இந்த மனு மாஜிஸ்திரேட்டிடம் போகாது, சித்தையா ரோட்டிலுள்ள நியாய தேகுலா கட்டடத்துக்குத்தான் போகும். மதம் எதுவானாலும் போடலாம். முஸ்லிம் தந்தையும் தன் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவின்படி கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உண்டு என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. முன்பு மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

வழக்கு முடியும்வரை செலவுக்குக் கேட்கும் இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிராளிக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். ‘முடிந்தவரை’ என்ற சொல்லுக்குள் பல மாதம் அடங்கிவிடும் என்பது அனுபவம். நோட்டீஸ் வாங்காமல் ஒளிவது, வக்காலத்து போட வாய்தா, பதிலுக்கு வாய்தா, ஜட்ஜ் லீவு. இத்தனைக்கும் பிறகும் நான் இதையே முதலில் போடச் சொல்வதற்குக் காரணம், 2020 நவம்பரில் ‘ரஜ்னேஷ் எதிர் நேஹா’ வழக்கில் வந்த தீர்ப்பு. ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று அதில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு இழுத்தால் அவன் தலையில் பாக்கி ஏறும். மனுவே போடாமல் சமாதானம் பேசிக்கொண்டிருந்த மாதங்களுக்கு ஒன்றும் கிடையாது.

அதே தீர்ப்பில்தான் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் அபிடவிட்டாக (பிரமாணப் பத்திரமாக) போட வேண்டும் என்று வந்தது. வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது, ஆனால் பலர் அதை வக்கீல் குமாஸ்தாவிடம் விட்டுவிடுகிறார்கள். பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் அபிடவிட்டில் பிள்ளையின் மாதச் செலவு ‘ரூ. 15,000’ என்று ஒரே வரி இருந்தது. எதற்கு எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தோம். வேன் ரசீது, டியூஷன் அக்கா கையால் எழுதிக் கொடுத்த சீட்டு, வீசிங் மருந்து பில், ஷூ வாங்கிய பில் எல்லாம் விழுந்தன. பிறகு போனைத் திறந்து கூகுள் பே கணக்கைப் பின்னோக்கித் தள்ளினால், போன வருஷம் அவன் அனுப்பிய தொகைகளுக்குக் கீழே அவனே தட்டியிருக்கிறான்: ‘பாப்பா ஸ்கூல்’, ‘பாப்பா பர்த்டே’. வருமானமே இல்லை என்றும், அந்தப் பாப்பா யாரென்றே தெரியாது என்றும் சொல்லவிருந்த ஆள். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் வரிசையாக அபிடவிட்டோடு போயின.

‘சம்பளத்தில் கால்வாசி சட்டப்படி கிடைக்கும்’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2017-இல் ஒரு வழக்கில் மனைவிக்கான ஜீவனாம்சமாக நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் சரியாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்த பேச்சு அது. பிள்ளைக்கு இவ்வளவு என்று எந்தச் சட்டத்திலும் அட்டவணை கிடையாது. நிரூபித்த செலவும் அவன் தகுதியும்தான் கணக்கு. தாய் சம்பாதித்தால் படிப்புச் செலவைச் சம்பள விகிதத்தில் பகிரச் சொல்லலாம் என்பதும் 2020 தீர்ப்பிலேயே இருக்கிறது. எனவே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் சம்பளத்தை மறைக்கப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

குடும்ப வன்முறைச் சட்டம் இன்னொரு கதவு. 2005-இல் இயற்றியது, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இதை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட வேண்டும். 144-இல் கிடைக்காத மூன்று விஷயம் இதில் உண்டு. வீட்டை விட்டுத் துரத்தாதே என்று உத்தரவு வாங்கலாம். பிள்ளையின் தற்காலிகக் கஸ்டடியை அதே மனுவில் கேட்கலாம். மூன்றாவது இந்த ஊருக்கென்றே செய்ததுபோல இருக்கும்: அவன் பணம் கட்டாவிட்டால், சம்பளத்தில் ஒரு பகுதியை நேரே அந்தப் பெண்ணிடமோ கோர்ட்டிலோ கட்டு என்று அவனுடைய கம்பெனிக்கே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். 20-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு. ஒயிட்ஃபீல்டில் மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு வாரண்டை விட ஹெச்.ஆருக்குப் போகும் அந்தக் கடிதம்தான் உறைக்கும். தாலி கட்டாமல் கணவன் மனைவிபோல ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வரலாம்.

அப்படியானால் இதையே முதலில் போடலாமே என்று கேட்பீர்கள். அடி இருந்தால், வீடு பறிபோகும் நிலை இருந்தால், ஆம், இதுதான் முதல். பிரிந்து போய்விட்டான், தொந்தரவு இல்லை, பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் வன்முறையை நிரூபிக்கும் சுமை வீணாக நம் தலையில் ஏறும். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போய் இழுக்கவும் அவனுக்கு வழி இருக்கிறது. இரண்டையும் போடுவதில் தடையில்லை. ஆனால் ஒன்றில் கிடைத்ததை மற்றதில் சொல்லியாக வேண்டும், தொகையைக் கழித்துவிடுவார்கள். இரண்டு கேஸ் என்பதற்காக இரண்டு மடங்கு பணம் வராது, இரண்டு மடங்கு வாய்தாதான் வரும்.

மூன்றாவது வழி, அவனே விவாகரத்து போட்டிருந்தால் மட்டும் நல்லது. இந்துத் திருமணச் சட்டத்தின் 24, 26 பிரிவுகளில் அந்த வழக்குக்குள்ளேயே செலவும் கஸ்டடியும் கேட்கலாம். கிறிஸ்தவர்களுக்கு அவர்களுடைய விவாகரத்துச் சட்டத்தில் இதேபோல் இடமிருக்கிறது. பணத்துக்காக நாமாகவே விவாகரத்து போடுவதை நான் விரும்புவதில்லை. கல்யாணத்தை முடித்துக்கொள்வதா வேண்டாமா என்பது ஆற அமர எடுக்க வேண்டிய முடிவு, ஜூன் மாத ஃபீஸ் அதுவரை காத்திருக்காது. 18 தாண்டிய, கல்யாணம் ஆகாத மகளுக்கு மட்டும் 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தனியாகக் கைகொடுக்கும். 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இனி, ‘என் பிள்ளை இல்லை’.

கல்யாணம் நீடிக்கும்போதோ, அது முறிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போதோ பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளை. பழைய சாட்சியச் சட்டத்தில் 112, இப்போதைய பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமத்தில் 116. இதை உடைக்க அவனுக்கு ஒரே வழிதான்: பிள்ளை உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் தம்பதி சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். ‘அப்ப நான் சென்னைல வேலைல இருந்தேன்’ என்றால் போதாது, வாராவாரம் ஓசூர் வழியாக பஸ் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

டி.என்.ஏ. கேட்டால் கோர்ட் உடனே அனுப்பிவிடும் என்று இரண்டு தரப்புமே நினைக்கிறார்கள். 1993-லேயே கௌதம் குண்டு வழக்கில், சும்மா துழாவிப் பார்ப்பதற்காக ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது என்று சொல்லியாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இன்னும் நெருக்கமானது. மனைவிக்குத் தெரியாமல் பிள்ளைக்குத் தனியார் லேபில் டெஸ்ட் எடுத்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டைக் காட்டி கோர்ட் மூலம் மறுபடி டெஸ்ட் கேட்டார் கணவர். உச்ச நீதிமன்றம் மறுத்தது. பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு, பெற்றோர் சண்டையில் அதைச் சாட்சிப் பொருளாக்க முடியாது என்பது சாரம். 2025 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலும் திருமணத்துக்குள் பிறந்தவர் என்ற அனுமானத்தின் பக்கமே நின்றது. எதிர்ப்பக்கத் தீர்ப்பும் இருக்கிறது, மறைக்கக் கூடாது: 2014-இல் நந்தலால் பத்வாய்க் வழக்கில், டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, முடிவு ‘தந்தை இல்லை’ என்று வந்துவிட்டது என்ற நிலையில் அறிவியலைத்தான் ஏற்க வேண்டும் என்றார்கள். ஆகையால் கல்யாணமான பெண், ரோஷத்தில் ‘எடுத்துப் பாக்கட்டுமே, எனக்கென்ன பயம்’ என்று தானாகச் சம்மதம் எழுதிக் கொடுப்பதில் ஒரு லாபமும் இல்லை. சட்டம் ஏற்கெனவே அவர் பக்கம் கொடுத்திருப்பதை மறுபடி நிரூபிக்கத் தேதி வாங்குவதுதான் அது. அந்த மனு முடியும்வரை ஜீவனாம்சத்தைத் தள்ளிப்போடச் சொல்லுவான். விடக் கூடாது, இடைக்கால மனுவை முதலில் எடுக்கும்படி வக்கீலை வற்புறுத்துங்கள்.

கல்யாணம் ஆகாத தாய்க்கு இந்த அனுமானம் கிடையாது. சேர்ந்து வாழ்ந்த வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரி அட்மிஷனில் அவன் போட்ட கையெழுத்து, பிறப்புச் சான்றிதழ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் முதலில் அடுக்கி, அதற்குப் பிறகு டி.என்.ஏ. மனு போட வேண்டும். அவன் ரத்தம் கொடுக்க மறுத்தால் கட்டிப்போட்டு எடுக்க மாட்டார்கள், மறுப்பையே அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவதாகத் தாலி கட்டிய கதை என்றால், பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான். இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் சொத்தில் பங்குண்டு என்று 2023 செப்டம்பரில் முடிவானது, கர்நாடகத்திலிருந்து போன ரேவணசித்தப்பா வழக்கில்தான்.

அப்பா பெயரைச் சொல்லவே விரும்பாத தாய் ஒருத்தி என்றால் அதற்கும் இடமிருக்கிறது. 2015-இல் டெல்லி வழக்கொன்றில், தன் பிள்ளைக்குக் கார்டியன் ஆக விண்ணப்பித்த மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லவோ அவருக்கு நோட்டீஸ் அனுப்பவோ தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் பெயர் சொல்லாமல் அவரிடம் பணம் கேட்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கஸ்டடி பற்றிக் கொஞ்சம். ஐந்து வயதுக்குள் பிள்ளை வழக்கமாகத் தாயிடம் என்கிறது அதே 1956-இல் வந்த இன்னொரு சட்டம், இந்து மைனர், கார்டியன் சட்டம். அதற்கு மேல் பிள்ளையின் நலன், விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பம். கஸ்டடிக்கான கார்டியன் வழக்கைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும். பிள்ளை உங்களிடமே இருந்து, பெங்களூர் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தால், அவசரப்பட்டு மனு போட்டு நாமே அவனுக்கு மேடை கட்டித் தர வேண்டாம் என்பது என் எண்ணம். ‘ஊருக்குப் போயிட்டு வர்றோம்’ என்று பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை என்றால் அன்றைக்கே ஓடுங்கள். மாதங்கள் போனால் ‘பிள்ளை இங்கே பழகிவிட்டது’ என்ற வாதம் அங்கே முளைத்துவிடும்.

இதைப் படிக்கும் அப்பாக்களுக்கும் ஒன்று: பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்தாதீர்கள். பார்வை உரிமைக்குத் தனி மனு போடுங்கள், கிடைக்கும். 2020-இல் ஒரு தீர்ப்பு, நேரில் பார்க்க முடியாவிட்டால் வீடியோ காலாவது வேண்டும் என்ற அளவுக்குப் போயிருக்கிறது. பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருக்கும் அம்மாக்களுக்கும் கோர்ட்டில் இதே திட்டுதான்.

சமரசம் பேசி முடிக்கும் மீடியேஷன் சென்டரும் நியாய தேகுலாவில்தான் இருக்கிறது. அங்கே முடிகிற வழக்குகளை நான் மதிக்கிறேன், ஒரே நிபந்தனையோடு: இடைக்கால உத்தரவு கையில் இருக்கும்போது போய் உட்காருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘தகப்பனார் நியாயமான செலவுகளை ஏற்பார்’ என்று எழுதினால் நாளைக்கு நியாயம் என்ன என்று இன்னொரு கேஸ் வரும். தொகை, தேதி, வருஷா வருஷம் எவ்வளவு ஏறும், ஸ்கூல் ஃபீஸை யார் நேரே கட்டுவது, பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து என எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். லீவு விஷயத்தில் நம்மவர்கள் வழக்கமாகத் தடுக்குவார்கள். ஊர் வக்கீல் எழுதிய நகலில் ‘காலாண்டு, அரையாண்டு விடுமுறை தந்தையிடம்’ என்று இருக்கும். இங்கே பிள்ளைக்குப் பெரிய லீவு தசராவுக்கு. தசரா யாரிடம், தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம் என்று பேர் சொல்லி எழுதுங்கள்.

கணவன் சேலத்திலோ சென்னையிலோ இருந்தாலும் 144 மனுவையும் குடும்ப வன்முறை மனுவையும் நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே போடலாம். அவன் முந்திக்கொண்டு தமிழ்நாட்டில் விவாகரத்து போட்டுவிட்டால் அதை இங்கே மாற்ற ஹைகோர்ட்டுக்குப் போய்ப் பயனில்லை. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றுவது உச்ச நீதிமன்றத்தின் கையில். ‘தமிழ்ல நடக்கும், புரியும்’ என்று ஊரிலேயே போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அம்மா வீட்டிலேயே தங்கப் போகிறீர்கள் என்றால் சரி. இங்கே வேலையை வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா ராத்திரி பஸ் ஏறுவது ஆகாத காரியம். இங்கே கோர்ட் பேச்சு கன்னடத்திலும் இங்கிலீஷிலும்தான் ஓடும். அபிடவிட்டின் கடைசியில் ‘எனக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், உண்மையிலேயே படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு; 15100-க்கு அடிக்கலாம்.

உத்தரவு வந்த பிறகு அவன் கட்டவில்லை என்றால் வசூல் மனு. 144 உத்தரவை அவன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊர் மாஜிஸ்திரேட் மூலமாகவும் வசூலிக்கலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போடலாம், உள்ளே போய் வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும். ஆனால் வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். ‘மொத்தமாச் சேரட்டும், ஒரேயடியா வாங்கிக்கலாம்’ என்று மூன்று வருஷம் காத்திருந்தவர்களுக்கு வாரண்ட் கடைசி ஒரு வருஷப் பாக்கிக்குத்தான் கிடைக்கும். காலண்டரில் குறித்து வைத்து, இரண்டு மூன்று மாதம் நின்றதுமே முதல் வசூல் மனுவைப் போட்டுவிடுங்கள்.